கிண்டியைத் தாண்டும்போதெல்லாம்...

போன வருஷம் பெரியம்மாவுக்கு பெட் ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லைன்னு வந்ததும் தாம்பரத்துல வீடே கொண்டாட்டம். டாக்டர் மட்டும், "ரெண்டு மூணு மில்லிமீட்டர் சைஸ்ல இருந்தா இதுல தெரியாம போகலாம்மா, மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார். இத்தனை கோடி ரூபாய் மெஷினுக்கு மூணு மில்லிமீட்டர் தெரியாதா? பொட்டி தட்டுறவனுக்கு மண்டை குடைய ஆரம்பிச்சது.

மெஷின் எவ்வளவு கூர்மையாப் பார்க்கும்னு சோதிக்க 'நெமா' என்ற அமெரிக்க அமைப்பின் விதிமுறை இருக்கிறது. 1 மி.மீ.க்கும் குறைவான உள்விட்டம் உள்ள மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஃப்ளோரின்-18 துளியூண்டு. அதை மெஷினின் மையத்திலிருந்து 1 செ.மீ., 10 செ.மீ. என்று தள்ளித் தள்ளி வைத்துப் படமெடுப்பார்கள். புள்ளி படத்தில் மலை மாதிரி பரவித் தெரியும். அந்த மலையின் பாதி உயரத்தில் அகலம் எவ்வளவோ, அதுதான் கூர்மை. முழு உடல் மெஷின்களில் பொதுவா 4-5 மி.மீ.

இப்போதைய அல்காரிதம்கள் தனிப் புள்ளியை நிஜத்தைவிட ஒல்லியாகவே காட்டிவிடும். அதனால் 'ஃபில்டர்டு பேக் ப்ரொஜெக்‌ஷன்' என்ற பழைய முறையில்தான், படத்தை மழமழப்பாக்காமல் கணக்கிடணும் என்பது விதி.

அட, இது நம்ம காலேஜ் ப்ராஜெக்ட் ஆச்சே! மேட்லேபில் ஃபில்டர் பெயர் கொடுக்காவிட்டால் தானாகவே 'ராம்-லாக்' எடுத்துக்கும். யாரோ வெள்ளைக்காரர்னு நெனச்சிருந்தேன். ராம் என்றால் ஜி.என்.ராமச்சந்திரன், லாக் என்றால் ஏ.வி.லட்சுமிநாராயணன்!

ராமச்சந்திரன் 1952ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரா கிண்டிக்கு வந்தவர். கொலாஜனின் மூவிழை அமைப்பு (1954), ராமச்சந்திரன் ப்ளாட் (1963) எல்லாம் இங்கே இருந்தபோது செய்ததுதான். பல கோணத்தில் எடுத்த நிழல்களை அப்படியே ஒண்ணு மேல ஒண்ணு போட்டால் படம் ஈஷிக்கொள்ளும். ஒவ்வொரு நிழலையும் முதல்ல கன்வல்யூஷன் மூலம் திருத்திட்டு அப்புறம் சேர்த்தால் போதும், சுத்தி வளைச்சு ஃபூரியே கணக்கு வேண்டாம் என்று இருவரும் 1971ல் எழுதினார்கள். அதற்குள் ராமச்சந்திரன் பெங்களூர் போயாச்சு. ரேடியோ வானியலுக்காக பிரேஸ்வெல்லும் ரிடிலும் 1967லேயே இதே வழியைக் கண்டிருந்தார்கள், அதையும் சொல்லிடணும். சி.டி. ஸ்கேனுக்கான 1979 நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் போச்சு. ராமச்சந்திரன் 2001ல் சென்னையில்தான் காலமானார்.

பெரியம்மா மூணு மாசம் கழிச்சு மறுபடி போய் எடுத்துக்கிட்டாங்க, நல்லா இருக்காங்க. "ஒண்ணுமில்லை"ன்னா "இந்த அளவுக்கு மேல ஒண்ணும் தெரியலை"ன்னுதான் அர்த்தம். உங்க வீட்டுலயும் சொல்லி வைங்க. பீச் வண்டி கிண்டியில நிக்கும்போது இப்பல்லாம் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறேன். அவர்கிட்ட படிச்சவங்க யாராவது உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லுங்களேன்.