ஒரு அறையில் எத்தனை பேர்?



போன மாதம் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். பேரன் செல்போனில் ரூம் போட்டான். பெரியவர்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை என்று கேட்டது. "ரெண்டுன்னு போடு கண்ணு, போய்ப் பாத்துக்கலாம்" என்றார் சின்ன மாமா. போனது ஐந்து பேர். வரவேற்பில் இருந்த தம்பி தலையை எண்ணிவிட்டு, "மூணு பேருக்கு மேல முடியாதுங்க, இன்னொரு ரூம் எடுத்துக்கங்க" என்றார். காசு பிடுங்கத்தான் இந்த விதியெல்லாம் என்று மாமாவுக்குக் கோபம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஊருக்கு வந்து படித்துப் பார்த்தால், இதன் வேர் காசில் இல்லை, நோயில் இருக்கிறது.

இங்கிலாந்தில் கூலித் தொழிலாளர்கள் தங்கிய மலிவு விடுதிகளில் நெரிசலும் காய்ச்சலும் மிகுந்ததால், 1851-இல் ஒரு சட்டம் வந்தது. விடுதியைப் பதிவு செய்ய வேண்டும். எத்தனை பேரைத் தங்க வைக்கலாம் என்பதை உள்ளூர் நிர்வாகம் முடிவு செய்யும்.

நம் நாட்டில் இதற்குப் பூரி ஜெகந்நாதர் கோயில் ஊர்தான் பெரிய உதாரணம். தேர்த் திருவிழாவுக்கு வந்த யாத்ரீகர்கள் காலராவில் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். 1872-இல் வந்த ஹன்டரின் 'ஒரிசா' நூலில் ஒரு விடுதி அறையின் அளவு இருக்கிறது. நீளம் 13 அடி, அகலம் சுமார் பத்தரை அடி. அதில் ஓரிரவு 80 பேர் தங்கினார்களாம். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு இரண்டு சதுர அடி கூட வராது! 1871-இல் பூரி விடுதிகளுக்கென்றே சட்டம் போட்டு, இத்தனை பேர்தான் தங்கலாம் என்று உரிமத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். காலரா தண்ணீரில் பரவுவது என்பது பின்னால்தான் எல்லோருக்கும் தெளிவானது. ஆனாலும் நெரிசல் குறைந்தால் கிணறும் கழிப்பிடமும் கெடாமல் இருக்குமல்லவா? நம் சென்னை மாகாணத்தின் 1939 பொதுச் சுகாதாரச் சட்டமும் தங்கும் விடுதிகளைப் பதிவுக்குள் கொண்டுவந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் பள்ளிச் சுற்றுலா ஞாபகம் வந்தது. ஒரே சத்திரக் கூடத்தில் நாற்பது பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைத்தோமே, நினைவிருக்கிறதா? செலவு மிச்சம் என்று அன்று எனக்குப் பெருமை. அந்தக் கூடத்துக்கு ஒரே ஒரு கதவு. தீப்பிடித்திருந்தால்? இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அதனால் எண்ணிக்கை கேட்டால் கோபப்படாதீர்கள். ஆனால் இன்னொரு விதியும் இருக்கிறது.

உங்கள் ஐயா காலமான மறுவருடம், திதி கொடுக்க ஒரு கோயில் ஊருக்குத் தனியாகப் போனேன். "தனி ஆளுக்கு ரூம் தர்றதில்லீங்கம்மா" என்று சொல்லிவிட்டார்கள். விடியும்வரை பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். தனியாக வருபவர் விபரீத முடிவு எடுத்துவிடுவாரோ என்ற பயமாம். பயம் புரிகிறது. ஆனால் ஒற்றை ஆளால் என்ன நெரிசல்? எத்தனை பேர் என்று கேட்கப் பிறந்த விதி, எப்படிப்பட்ட ஆள் என்று சந்தேகப்படுவதாக எப்போது மாறியது?

2019-இல் கோவையில் ஒரு விடுதியில் திருமணமாகாத ஜோடி தங்கியிருந்ததைக் காரணம் காட்டி, அதற்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அறை ஒன்றில் மது பாட்டில்கள் இருந்ததும் சொல்லப்பட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. அப்படித் தங்கக் கூடாதென்று எந்தச் சட்டமும் இல்லை என்று சொல்லி, சீலை எடுக்க உத்தரவிட்டது நீதிமன்றம். உறவினர்களில் சிலருக்கு இது பிடிக்காது, தெரியும். பிடித்தம் வேறு, சட்டம் வேறு.

திருப்பூரிலும் பழனியிலும் லாட்ஜ் நடத்தும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலையை எண்ணுங்கள், அடையாள அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரியில் ஒரு பெரியம்மா தனியாக வந்து நின்றால் மட்டும், கதவைச் சாத்திவிடாதீர்கள் சாமி.

வாழ்க வளமுடன்.
வெள்ளகோவிலில் இருந்து உங்கள் டீச்சர்.