மஞ்சள் தேமல் வைரஸின் வால் பிறந்த கதை

டர்னிப் இலையில் மஞ்சள் தேமலை உண்டாக்கும் வைரஸை 1940களிலேயே கேம்பிரிட்ஜில் ராய் மார்க்கமும் கென்னத் ஸ்மித்தும் பிரித்தெடுத்துவிட்டார்கள். அதன் துகள்களில் இரண்டு வகை: ஆர்.என்.ஏ. உள்ளே இருப்பவை, வெறும் ஓடுகள். ஓடு மட்டும் செடிக்குள் போனால் நோய் வராது. அந்த ஆர்.என்.ஏ.வில் 6,300க்கு மேற்பட்ட எழுத்துகள். நம் கதை கடைசி எண்பது சொச்சம் எழுத்துகளை, அதாவது அதன் வாலைப் பற்றியது.

1970இல் பிரான்ஸில் பிங்க், யோ, சாப்வில், ட்யூரான்டன் ஆகியோர் அந்த ஆர்.என்.ஏ.வோடு வேலின் என்ற அமினோ அமிலத்தையும், அதை ஏற்றிவிடும் நொதியையும் சேர்த்தார்கள். வேலின் வால் நுனியில் போய் ஒட்டிக்கொண்டது! அமினோ அமிலத்தை ரைபோசோமுக்குச் சுமந்து போவது கடத்து ஆர்.என்.ஏ.வின் வேலை. வைரஸின் வாலை அந்த நொதி கடத்து ஆர்.என்.ஏ. என்றே எடுத்துக்கொண்டது.

நுனியில் இன்னொரு விசேஷம் உண்டு. கடத்து ஆர்.என்.ஏ. 'சி-சி-ஏ' என்று முடியும். வைரஸ் துகளிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வோ பெரும்பாலும் 'சி-சி'யோடு நின்றுவிடுகிறது. செல்லுக்குள் கடத்து ஆர்.என்.ஏ.க்களின் நுனியைச் சரிசெய்யும் நொதி ஒன்று இருக்கிறது. அதுவே விடுபட்ட 'ஏ'வைச் சேர்த்துக்கொடுக்கிறது. பிறகுதான் வேலின் ஏறும். தன் வாலின் கடைசி எழுத்தையே செடியிடம் வாங்கிக்கொள்கிறது இந்த வைரஸ்.

ஆனால் வாலின் எழுத்து வரிசை கடத்து ஆர்.என்.ஏ.வின் வழக்கமான மடிப்புக்குள் அடங்கவில்லை. 1982இல் நெதர்லாந்தின் லைடனில் ரீட்வெல்ட், பிளெய், பாஷ் முதலியோர் விடை கண்டார்கள். இழை மடிந்து உண்டாகும் வளையத்தின் எழுத்துகள், வளையத்துக்கு வெளியே இருக்கும் எழுத்துகளோடு ஜோடி சேர்கின்றன. பார்க்க முடிச்சு, ஆனால் உண்மையில் முடிச்சு இல்லை, அதனால் போலிமுடிச்சு. கொரோனா வைரஸிலும் டெலோமரேஸ் என்ற நொதியிலும் பின்னர் தெரியவந்ததும் இவ்வகை மடிப்பே. 2014இல் கொலராடோவில் ஜெஃப்ரி கீஃப்ட் குழு வாலைப் படிகமாக்கிப் பார்த்தபோது, வெளியே கடத்து ஆர்.என்.ஏ.வின் அதே 'எல்' வடிவம், உள்ளே வேறு கட்டுமானம்.

அப்படியானால் வைரஸ் செல்லைப் பார்த்துக் கற்றதா? 1987இல் ஆலன் வைனரும் நான்சி மைசெல்ஸும் தலைகீழாக யோசித்தார்கள். புரதம் தோன்றுமுன் ஆர்.என்.ஏ.க்களே உயிரை நடத்திய காலத்தில், நகலெடுப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டிய அடையாளமே இப்படிப்பட்ட வால், கடத்து ஆர்.என்.ஏ. அதிலிருந்து பின்னால் பிறந்தது என்றார்கள். இது கருதுகோள்தான், நிரூபணம் இல்லை. ஆனாலும் எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. காரணம், இந்த வைரஸில் நகலெடுப்பு இன்றும் தொடங்குவது அந்தச் 'சி-சி-ஏ' நுனியில்தான்.