முலுண்ட் வழியே வரும் நீரும் குழந்தையின் தாகமும்

மும்பையின் குடிநீர் வரலாறு பெரும்பாலும் அணைகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. விஹார் 1860, துளசி 1879, தான்சா 1892, மோடக் சாகர் 1957, மத்திய வைதர்ணா 2014 என ஆண்டுகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு குழந்தை ஒரு நாளில் எப்போது, எங்கே, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்னும் கேள்வி இந்த வரிசையில் எங்கும் எழுவதில்லை. நகருக்கு நீர் வந்து சேர்வதும் அந்நீர் குழந்தையின் உடலில் சென்று சேர்வதும் ஒன்றே என்று நெடுங்காலம் கருதப்பட்டதுதான் இதற்குக் காரணம். அவை இரண்டும் வெவ்வேறு வரலாறுகள்.

இந்த வேறுபாட்டைக் காண முலுண்ட் பொருத்தமான இடம். மும்பையின் வடகிழக்கு எல்லையில், தாணேயை ஒட்டி அமைந்த புறநகர் இது. அதன் மேற்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் குன்றுகள் உள்ளன. துளசி, விஹார் ஏரிகள் அக்குன்றுகளுக்கு அப்பால் கிடக்கின்றன. தான்சா ஏரியிலிருந்து வரும் பெருங்குழாய்கள் முலுண்டில் மாநகர எல்லைக்குள் நுழைந்து, பாண்டுப், காட்கோபர் வழியாகச் சயான் நோக்கிச் செல்கின்றன. முலுண்டுக்குத் தெற்கே பாண்டுப்பில், நாளொன்றுக்கு 191 கோடி லிட்டர் நீரைத் தூய்மைப்படுத்தும் கொள்திறனுடன் வடிவமைக்கப்பட்ட நிலையம் இயங்குகிறது. நகரின் நீரில் பெரும்பங்கு இந்தக் கிழக்கு விளிம்பைத் தொட்டே உள்ளே வருகிறது. அதே குழாய்களின் ஓரத்தில் குடிசையமைத்து வாழ்ந்த குடும்பங்களின் குழந்தைகள், காலடியில் நீர் ஓடக் குடத்துடன் வரிசையில் நின்றதும் இந்நிலத்தின் வரலாறே.

குழாய்நீருக்கு முந்தைய பம்பாய் கிணறுகளையும் குளங்களையும் நம்பியிருந்தது. 1725ஆம் ஆண்டளவில் வெட்டப்பட்ட பீகா பெஹ்ராம் கிணறு இன்றும் சர்ச்கேட் அருகே உள்ளது. 1850களின் கடும் வறட்சிக்குப் பின்னரே ஹென்றி கானிபியர் முன்வைத்த விஹார் திட்டம் வேகம் பெற்றது. குழாய்நீர் வந்த பின்னும், தெருவில் செல்வோரின் தாகத்தைத் தணிக்கும் பொறுப்பை அறக்கொடையாளர்களே ஏற்றனர். தமிழகத்தின் தண்ணீர்ப்பந்தலுக்கு நிகராக அங்கே ‘பியாவ்’ எனப்படும் கல்லாலான குடிநீர் மண்டபங்கள் எழுந்தன. மஸ்ஜித் பந்தர் பகுதியில் 1876ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட கேசவ்ஜி நாயக் நீரூற்று அவற்றுள் பெயர்பெற்றது. காசும் அனுமதியும் கேளாமல் ஒரு சிறுவன் வழியில் நின்று நீர் குடிக்கக்கூடிய இடம் அது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேரியா ஆய்வு இந்த அமைப்பை மாற்றியது. சார்லஸ் பென்ட்லி 1911இல் அளித்த அறிக்கை, நகரின் கிணறுகளில் பெருகும் கொசுக்களே நோய்க்குக் காரணம் எனச் சுட்டியது. சமயக் காரணங்களால் பார்சிகளும் இந்துக்களும் எதிர்த்தபோதும் பல கிணறுகள் மூடப்பட்டன. பொதுச் சுகாதாரத்தின் பார்வையில் அது தேவையான நடவடிக்கை. எனினும் அதன்பின் நகரவாசி குழாயை மட்டுமே நம்ப வேண்டியவரானார். குழாய் எந்த வீட்டுக்குச் செல்லும், எத்தனை மணி நேரம் நீர் வரும் என்பவை அவருடைய கையில் இல்லை.

மும்பைத் தமிழரின் குடியேற்றம் இந்த மாற்றங்களின் ஊடே நிகழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலிருந்து தமிழ் முஸ்லிம்களும் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சாதியினரும் தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்தனர். 1896ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பின், 1898இல் அமைந்த பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை தாதர்-மாட்டுங்காப் பகுதியை அகன்ற தெருக்களுடன் திட்டமிட்டு உருவாக்கியது. அலுவலகப் பணிக்கு வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் மாட்டுங்காவிலும், பின்னர் செம்பூரிலும் முலுண்டிலும் குடியேறின. ஒரே மொழி பேசிய இரு சிறுவர்களில் ஒருவனுக்கு வீட்டுக்குள் குழாயும் கழிப்பறையும் இருந்தன. மற்றவனுக்குத் தெருக்குழாயும் பொதுக்கழிப்பறையின் வரிசையும் இருந்தன. குழந்தை போதிய நீர் குடிக்காததைப் பழக்கக் குறையென்று மட்டும் சொல்வோர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

பின்னர் இவ்வேறுபாடு சட்ட வடிவமும் பெற்றது. 1995 ஜனவரி 1க்கு முன்பிருந்தே வசித்ததற்குச் சான்று காட்ட இயலாத குடிசைவாசிகளுக்குக் குடிநீர் இணைப்பு மறுக்கப்பட்டது. அந்த எல்லைநாள் பிற்பாடு 2000 ஜனவரி 1 என நகர்ந்தது. இதன்படி, பிறந்த குழந்தையின் குடிநீர் அதன் பெற்றோர் நகருக்கு வந்த தேதியைப் பொறுத்ததாயிற்று. பானி ஹக் சமிதி தொடுத்த வழக்கில், 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், வாழ்வுரிமையில் குடிநீரும் அடங்கும் எனக் கூறி, அங்கீகாரமற்ற குடியிருப்புகளுக்கும் நீர் வழங்கும் கொள்கையை வகுக்குமாறு மாநகராட்சிக்கு ஆணையிட்டது. அனைவருக்கும் நீர் என்னும் கொள்கையை மாநகராட்சி அறிவித்தது 2022இல்தான்.

மருத்துவத்தின் பார்வை வேறொரு பாதையில் வளர்ந்தது. பச்சிளங்குழந்தையின் உடல் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். உடலின் எடையை நோக்க அதன் தோற்பரப்பும் பெரியவர்களுடையதைவிட அதிகம். ஆகவே வெப்பத்திலும் வயிற்றுப்போக்கிலும் குழந்தை விரைவாக நீரை இழக்கிறது. 1971இல் வங்கதேச ஏதிலியர் நிறைந்திருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, நரம்பு வழி ஏற்றும் திரவம் தீர்ந்த நிலையில், மருத்துவர் திலீப் மகலாநபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றை நீரில் கரைத்துக் கொடுக்கச் செய்தார். முப்பது விழுக்காட்டளவில் இருந்த இறப்பு ஏறத்தாழ 3.6 விழுக்காடாகக் குறைந்தது. அக்கரைசலை உறவினர்களே புகட்டினர் என்பது இங்கு முக்கியம். உயிர்காக்கும் அறிவு மருத்துவமனையிலிருந்து தாயின் கைக்கு இடம்பெயர்ந்தது. குடலில் எளிதில் செரிக்காத மாப்பொருளை உப்புச் சர்க்கரைக் கரைசலுடன் சேர்த்தால் காலரா நோயாளிகளின் வயிற்றுப்போக்கு குறைகிறது என வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வயிற்றுப்போக்குக்கு உப்பிட்ட கஞ்சி கொடுக்கும் தமிழ் வீட்டு வழக்கத்துக்கு இது அயலான செய்தியன்று.

நோயால் நேரும் கடும் நீரிழப்பைப் பற்றிய இந்த அறிவுக்குப் பின்னரே, நலமாயிருக்கும் குழந்தையின் அன்றாட நீர்க்குறை ஆய்வுக்கு வந்தது. இஸ்ரேலின் பாலைநிலப் பகுதியில் ஆறாம் வகுப்பு மாணவரிடம் நடத்தி 2005இல் வெளியான ஓர் ஆய்வு, நீர்க்குறை உள்ளவர்கள் கேட்ட எண்களை நினைவில் நிறுத்தித் திருப்பிச் சொல்வதில் பின்தங்கியதைக் கண்டது. ஆய்வுக்குழு சிறியது, அதன் முடிவை அளவுக்கு மீறி நீட்டக்கூடாது. ஆயினும் தலைவலி, சோர்வு, கவனச்சிதறல், மலச்சிக்கல் ஆகியவற்றுக்கும் குறைவாக நீர் அருந்துவதற்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் நன்கு அறிவர். தமிழ்மொழி இதனை முன்பே ஒரு சொல்லில் வைத்திருக்கிறது. ‘விடாய்’ என்பதற்குத் தாகம் என்றும் களைப்பு என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. களைத்த குழந்தையைக் கண்டால் முதலில் நீர் கொடுத்துப் பார்க்கும் பாட்டியின் செயலில் அவ்விரு பொருளும் ஒன்றாகவே உள்ளன.

அளவைப் பொறுத்தவரை, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நான்கு முதல் எட்டு வயதுவரை நாளொன்றுக்கு 1.6 லிட்டர் எனவும், ஒன்பது முதல் பதின்மூன்று வயதுவரை சிறுமியருக்கு 1.9, சிறுவருக்கு 2.1 லிட்டர் எனவும் கூறுகிறது. இது உணவிலுள்ள நீரையும் சேர்த்த கணக்கு. மிதமான வெப்பத்துக்கு உரியது. மும்பையின் மே மாதத்துக்கு இது போதாது. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கோ தாய்ப்பாலே போதும். தனியே தண்ணீர் தரவேண்டியதில்லை.

விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைக் குழந்தை பள்ளியில் கழிக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பாதுகாப்பான குடிநீரையும் சிறுவர் சிறுமியர்க்குத் தனித்தனிக் கழிப்பறையையும் பள்ளிக்கு இன்றியமையாதவை என வகுத்தது. இவ்விரண்டும் ஒரே பட்டியலில் அமைந்தது தற்செயலன்று. கழிப்பறை தூய்மையற்றதாகவோ தாழ்ப்பாள் இல்லாததாகவோ இருந்தால், சிறுமியர் காலையிலிருந்தே நீரைத் தவிர்க்கின்றனர், சிறுநீரை அடக்குகின்றனர். அதன் பயனாக வரும் சிறுநீர்த்தொற்றை நீர்ப்புட்டி மட்டும் தடுக்காது. 2019இல் கேரளப் பள்ளிகளில் நீர் அருந்துவதற்கென்றே மணியடிக்கும் வழக்கம் பரவிக் கர்நாடகத்துக்கும் சென்றது. 2025இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளும் அதனை ஏற்றன. ஆசிரியரிடம் அனுமதி கேட்கக் கூசும் குழந்தைக்கு அந்த மணியே அனுமதி. பழைய பியாவ் தெருவில் செய்த வேலையை இது வகுப்பறையில் செய்கிறது.

மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தியிருக்கிறது. அவற்றில் பயில்வோர் பலர், நாளில் சில மணி நேரமே குழாய்நீர் வரும் வீடுகளிலிருந்து வருகின்றனர். அவர்களுக்குப் பள்ளிக் குழாயே அன்றைய முதல் தடையற்ற நீராக இருக்கக்கூடும். எனவே நகரின் நீர் வரலாற்றை எழுதும் ஆய்வாளர் அணையின் கொள்ளளவோடு நிறுத்திவிடலாகாது. பள்ளியில் எத்தனை குழாய்கள் இயங்கின, கழிப்பறை எந்நேரம் திறந்திருந்தது, நீர் வரும் நேரமும் வகுப்பு நேரமும் எங்கே மோதின என்பனவும் ஆவணங்களில் தேடப்பட வேண்டும். முலுண்டில் நகருக்குள் நுழையும் நீர் எத்தனை கோடி லிட்டர் என்பது எல்லாருக்கும் தெரியும். அதில் ஒரு குவளை வகுப்பறையின் கடைசி வரிசைச் சிறுமியிடம் எப்போது சென்றடைந்தது என்பதை இனிதான் எழுத வேண்டும்.