நரம்பெடுத்த பல் ஏன் வலிக்கிறது? – ஒரு வரலாற்றுப் பார்வை



"நரம்பை எடுத்து, வேரை அடைத்து, மேலே உறையும் போட்டாயிற்று. மாதங்கள் கடந்தும் வலி போகவில்லையே!" புக்கிட் ரோத்தான், கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இக்குறையை நாம் அடிக்கடி கேட்கிறோம். கேட்பவர் உடனே தரும் அறிவுரையும் ஒன்றுதான்: "பேசாமல் பிடுங்கிப் போட்டுவிடுங்கள்." அந்த அறிவுரை சரியா? பொறுத்திருப்பது நல்லதா? மீண்டும் திறந்து பார்க்கச் சொல்வதா? மருத்துவ உலகம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எதிர்கொண்டுவரும் கேள்வி இது. அது இடறி விழுந்த இடங்களை அறிந்துகொண்டால், நம் முடிவு தெளிவாக இருக்கும்.

நம் காட்டு மரத்தின் பால்

வேர்ச்சிகிச்சையின் வரலாற்றில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. சுத்தம் செய்யப்பட்ட வேர்க்குழாயை அடைக்க உலகெங்கும் பயன்படும் பொருளின் பெயர் கட்டாபெர்ச்சா. இது 'கெத்தா பெர்ச்சா' என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு. மலாயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பால்தான் அது. சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மான்ட்கோமரி என்னும் மருத்துவர், பாராங் கத்தியின் பிடி இப்பொருளால் செய்யப்பட்டிருப்பதைக் கண்டு வியந்தார். 1840களில் அது இலண்டனை எட்டியது. வெந்நீரில் இளகி, ஆறியதும் இறுகும் அதன் இயல்பு, கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகவும், 1867 அளவில் பல் வேருக்கு அடைப்பாகவும் அதனைக் கொண்டு சென்றது.

ரப்பர்ப் பாலும் இதுவும் வேதியியலில் உடன்பிறப்புகள். இரண்டும் ஒரே மூலக்கூற்று அலகால் ஆனவை. அவ்வலகுகள் இணையும் வடிவம் மட்டுமே வேறு. ஆகையால் ஒன்று மீள்கிறது, மற்றொன்று விறைக்கிறது. சிகிச்சையின்போது எச்சில் உட்புகாதவாறு பல்லைச் சுற்றிக் கட்டும் மெல்லிய ரப்பர் விரிப்பை, சான்ஃபோர்ட் பார்னம் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் 1864இல் அறிமுகம் செய்தார். ரப்பர் மரம் சீவி வாழ்ந்த நம் முன்னோருக்கு, பால் எடுத்துக் கொடுத்த கை தம் கையாக இருந்தும், அப்பால் காக்கும் பல் வைத்தியம் எட்டாத தொலைவில் இருந்தது.

பிடுங்குவதே வைத்தியம் என்ற காலம்

தோட்டத்தில் பல்வலி வந்தால் உப்புநீர், கிராம்பு எண்ணெய். அடுத்துத் தோட்ட மருத்துவமனையின் டிரெசர். அவராலும் ஆகாவிட்டால் பிடுங்குதல். கிராம்பில் உள்ள யூஜினால் என்னும் பொருளைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்து வேர் அடைப்பிலும் பல் மருத்துவர்கள் பயன்படுத்தினர் என்பதால், பாட்டி வைத்தியத்தை முற்றாகப் பழிப்பதற்கில்லை. ஆயினும் அது வலியை மரத்துப்போகச் செய்ததே தவிர, காரணத்தைத் தொடவில்லை.

பிடுங்கும் வழக்கம் தோட்டத்து ஏழ்மையால் மட்டும் வந்ததன்று. மேலைநாட்டு மருத்துவமே அதற்கு ஒரு கோட்பாட்டை வகுத்துக் கொடுத்தது. வில்லியம் ஹண்டர் என்னும் பிரித்தானிய மருத்துவர் 1910இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆற்றிய உரையில், பொன் உறைகளுக்கும் பாலங்களுக்கும் அடியில் புதைந்துகிடக்கும் சீழே பல நோய்களுக்கு மூலம் என்றார். அதனைத் தொடர்ந்து வேர்ச்சிகிச்சை செய்த பற்கள் யாவும் ஐயத்திற்குள்ளாயின. வெஸ்டன் பிரைஸ் என்பவர், அத்தகைய பற்களை முயல்களின் தோலுக்கடியில் பதித்துச் செய்த ஆய்வுகளை 1923இல் நூலாக்கினார். மூட்டுவலிக்கும், ஏன், மனநோய்க்கும்கூடப் பற்கள் கூட்டம் கூட்டமாகப் பிடுங்கப்பட்டன.

அக்கோட்பாடு நிலைக்கவில்லை. பற்களையும் தொண்டைச் சதையையும் நீக்கியதால் மூட்டுவாத நோயாளிகள் பெற்ற பயன் ஒன்றுமில்லை என்பதை 1938இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. பிரைஸின் ஆய்வுமுறையிலும் குறைகள் வெளிப்பட்டன. எனினும் "நரம்பெடுத்த பல் உடம்பையே கெடுக்கும்" என்ற அச்சம் இன்றும் கைப்பேசிச் செய்திகளாகச் சுற்றிவருகிறது. அச்செய்தியின் வயது நூறாண்டு. அது மறுக்கப்பட்டும் பல பத்தாண்டுகள் ஆகின்றன.

இரண்டு பாடங்கள்

முதற்பாடம் 1965இல் கிடைத்தது. ககேஹாஷி என்னும் ஆய்வாளரும் துணைவரும் எலிகளின் பல்லைத் துளைத்து உள்சதையைத் திறந்துவிட்டனர். இயல்பான சூழலில் வளர்ந்த எலிகளுக்கு அச்சதை அழுகியது; கிருமியற்ற கூண்டில் வளர்ந்தவற்றிற்கோ அது தானே ஆறியது. ஆகவே பகை, பல்லன்று. உள்ளே குடியேறும் கிருமியே. கிருமியை நீக்கி, மீண்டும் புகாமல் அடைத்தால் பல்லைக் காப்பாற்றலாம்.

இரண்டாம் பாடம் அதனினும் பழையது. ஜான் ஹண்டர் என்னும் புகழ்பெற்ற இலண்டன் அறுவை மருத்துவர் (மேற்கண்ட ஹண்டரின் வேறானவர்) 1778இல் வெளியிட்ட பல்நோய் நூலில் ஒரு விந்தையைப் பதிவு செய்தார். பல்லே காரணம் என்று எண்ணி ஒன்றன்பின் ஒன்றாக ஒரு பக்கத்துப் பற்கள் அனைத்தையும் பிடுங்கியும் தாடைவலி நீங்காத நோயாளிகள் இருந்தனர். வலி தோன்றும் இடம் வேறு, அதன் பிறப்பிடம் வேறாக இருக்கலாம் என்பதற்கு இதனினும் கசப்பான சான்று வேண்டுமா?

இன்றைய அறிவு சொல்வது

சிகிச்சைக்குப் பின் சில நாள்கள் கடிக்கும்போது வலிப்பது இயல்பு. அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். ஆறு மாதம் கடந்தும் ஏதேனும் வலி உள்ளவர்கள் ஏறத்தாழ இருபதில் ஒருவர் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2010இல் கூறியது. அவர்களுள் கணிசமானோருக்கு வலியின் மூலம் பல்லே அன்று என்பதும் ஆய்வுகள் காட்டும் முடிவு.

பல்லில் காரணம் இருக்குமானால் அது பெரும்பாலும் இவற்றுள் ஒன்று: கண்டுபிடிக்கப்படாமல் விடுபட்ட வேர்க்குழாய் (மேல்தாடை முதற் கடைவாய்ப் பல்லில் நான்காம் குழாய் பெரும்பாலும் உண்டு; எளிதில் தென்படாது), முழுதும் நீங்காத கிருமி, கசியும் அடைப்பு அல்லது உறை, வேரில் விரிசல், சற்றே உயரமான கடி. பல்லுக்கு வெளியே காரணம் இருந்தால், பக்கத்துப் பல், மெல்லும் தசை, கன்னத்துச் சைனஸ், அல்லது சேதமுற்ற நரம்பே எழுப்பும் வலி. நரம்புவலிக்குப் பல்லைப் பிடுங்கினால், பல் போகும். வலி அங்கேயே இருக்கும்.

முடிவெடுக்கும் வரிசை

நோயை அறி, அதன் காரணத்தை அறி, பிறகு தணிக்கும் வழியை அறி என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த வரிசையை மாற்றியதே மேற்சொன்ன தவறுகளுக்கெல்லாம் வேர். அவ்வரிசைப்படி நாம் செய்யத்தக்கவை:

முதலில், வலியை எழுதிவையுங்கள். கடிக்கும்போதா, தானாகவா? சூட்டிலா, குளிரிலா? குத்துகிறதா, எரிகிறதா? குறைகிறதா, கூடுகிறதா? சிகிச்சை முடிந்த ஒரு பல் சூடு, குளிருக்குக் கூசினால், விடுபட்ட குழாயோ பக்கத்துப் பல்லோ ஐயத்திற்குரியது. எரிச்சலும் மின்னதிர்ச்சி போன்ற வலியும் நரம்பை நினைவூட்டும்.

இரண்டாவது, சிகிச்சை செய்த மருத்துவரிடமே முதலில் திரும்பிச் செல்லுங்கள். உயர்ந்த கடி சில நிமிடங்களில் சரிசெய்யக்கூடியது. காரணம் புலப்படாவிட்டால் வேர்ச்சிகிச்சை நிபுணரிடம் அனுப்புமாறு கேளுங்கள். சாதாரண எக்ஸ்ரே ஒரு நிழற்படம் மட்டுமே. தேவையெனில் முப்பரிமாணப் படம் மறைந்த குழாயைக் காட்டக்கூடும்.

மூன்றாவது, காரணம் தெரிந்தபின் வழியைத் தேர்ந்தெடுங்கள். குழாய் விடுபட்டிருந்தால் மறு வேர்ச்சிகிச்சை. அது இயலாதபோது வேர்நுனி அறுவை. வேர் நெடுக வெடித்திருந்தால் பெரும்பாலும் பிடுங்குவதே முறை. படத்திலும் சோதனையிலும் பல் நலமாக இருந்தால், பல்லில் கைவைக்காமல் முகவலி அறிந்த நிபுணரை நாடுவதே அறிவு.

நான்காவது, மீந்துபோன நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள். அடைபட்ட வேருக்குள் அது சென்று சேராது. ஆனால் முகம் வீங்கி, காய்ச்சல் கண்டு, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ இயலாவிட்டால் ஒரு நாளும் காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

பிள்ளைகளுக்காக

நியூசிலாந்தை முன்மாதிரியாகக் கொண்டு 1949இல் பினாங்கில் தொடங்கப்பட்ட பள்ளிப் பல் தாதியர் பயிற்சி, நம் நாட்டு மாணவர்களுக்குக் கிடைத்த பெருங்கொடை. அதன் வழிவந்த சேவையே இன்றும் பள்ளிகளை நாடி வருகிறது. ஆறு வயதில் முளைக்கும் முதற் கடைவாய்ப் பல் விழுந்து முளைப்பதன்று. அது வாழ்நாள் பல். பாற்பல் என்று எண்ணிப் பலர் அதன் சொத்தையை அலட்சியம் செய்கின்றனர். முதலாம் ஆண்டிலேயே அதைக் கவனித்துச் சிறு அடைப்போடு நிறுத்திவிட்டால், முப்பது வயதில் மேற்கண்ட கேள்விகள் எழாமலே போகலாம். பல் குழு பள்ளிக்கு வரும் நாளில் அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அன்று பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

ரப்பர்க் காடுகள் செம்பனையாகிவிட்டன. டிரெசர் காலமும் போய்விட்டது. "பிடுங்கிப் போடு" என்ற சொல் மட்டும் இன்னும் நம் வாயில் தங்கியிருக்கிறது. காரணம் அறியும் முன் அச்சொல்லைச் சொல்லாதிருப்போம்.