முன்பாரம், பின்பாரம், எண்ணூர் ஆஸ்டின்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் இங்கிலாந்திலிருந்து பழைய மாணவன் ஒருவன் பேசினான். திருவொற்றியூர் பையன், இப்போது இரண்டு குழந்தைகளுக்கு அப்பா. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் கேரவன் வாங்கப் போகிறானாம். "முதல் வண்டி சார், எதைப் பார்த்து வாங்கணும்?" என்றான். சரித்திர வாத்தியாரிடம் கேட்டால் சரித்திரம்தானே வரும்?

நம்மூரில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. இங்கிலாந்தில் அதன் கதை வேறு. 1885-ல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை டாக்டர், ஊர் சுற்றுவதற்கென்றே 'வாண்டரர்' என்று ஒரு வீட்டு வண்டி செய்யச் சொல்லி, அதில் ஸ்காட்லாந்து வரை போனார். எடை ஏறக்குறைய இரண்டு டன். இழுக்க இரண்டு குதிரை. முன்னால் டிரைசைக்கிளில் வழி பார்த்துக்கொண்டு போக ஒரு வேலையாள் வேறு! சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுமா இது?

கட்டுப்படியானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1949-ல் சாம் ஆல்பர் என்பவர் 'ஸ்பிரைட்' என்ற சின்ன கேரவனைக் கொண்டுவந்தார். விலையும் குறைவு, எடையும் குறைவு. அன்றைய சிறிய கார்களுக்கு இழுக்கும் சக்தி அவ்வளவுதான். ஆஸ்டின் ஏ40 என்ற காரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1200 சிசி, 40 குதிரைத்திறன்.

இந்த ஆஸ்டின் நமக்கு அந்நியமில்லை. ரகுநந்தன் சரண் 1948-ல் தொடங்கி, தன் மகன் பெயரையே வைத்த அசோக் மோட்டார்ஸ், அடுத்த ஆண்டே நம் எண்ணூரில் பூட்டத் தொடங்கியது இதே ஏ40-ஐத்தான்! ஸ்பிரைட் அங்கே வந்த அதே 1949. ஆனால் 1950-ல் லேலண்டோடு ஒப்பந்தம், 1955-ல் கம்பெனி பெயரே அசோக் லேலண்ட். குடும்பக் காரில் ஆரம்பித்த எண்ணூர், லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது. புதிதாய்ச் சுதந்திரம் பெற்ற நாட்டுக்கு அவைதான் அவசரம். அதில் எனக்குக் குறையில்லை. ஆனாலும் அந்த ஆஸ்டினை நினைத்தால் ஒரு சின்ன ஏக்கம்.

நம் குடும்பங்களும் வீட்டோடு பயணம் போனவைதான். மாசித் திருவிழாவுக்கு மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து கூண்டு வண்டியில் திருவொற்றியூர் வந்ததை என் பாட்டி கதை கதையாய்ச் சொல்வார். கீழே வைக்கோல், மேலே பாய், கட்டுச்சோறு, தூங்கும் பிள்ளைகள். கிளம்பும்முன் வண்டிக்காரர் எல்லாரையும் முன்னே பின்னே நகர்த்தி உட்கார வைப்பாராம். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, கழுத்துக் கயிறு இறுகும்.

பையனிடம் இதைத்தான் சொன்னேன். அச்சு ஒன்று, சக்கரம் இரண்டு, உன் கேரவனும் மாட்டு வண்டிதானடா. பின்பாரம் கூடினால் வேகத்தில் பாம்பு மாதிரி வளையும், காரையும் சேர்த்து ஆட்டும். சாமான் ஏற்றிய எடையில் 5 முதல் 7 சதவீதம் கொக்கி மேல் இறங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அதுதான் முன்பாரம். கொக்கி தாங்கும் அளவையும் பார்த்துக்கொள். ஓடும்போது பிள்ளைகளை உள்ளே உட்கார வைக்கக் கூடாது, அங்கே சட்டமே அப்படித்தான். பாட்டி காலத்துச் சுகம் அந்த ஒன்றில் கிடையாது.

அப்புறம்தான் மெல்லச் சொன்னான். ஆறு பேர் படுக்கிற பழைய வண்டி ஒன்று மலிவாய் வருகிறதாம், வீட்டம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். ஏற்றிய எடை 1,350 கிலோ. அவன் கார் 1,300. புதிதாய் இழுப்பவர்கள் காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று அங்கே சொல்வார்கள். கணக்குப் போடச் சொன்னேன். "1,105 சார்" என்றான். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை.

"நாலு பேருக்கு ஆறு படுக்கை எதுக்குடா? பாட்டி வண்டியில் ஒரே பாய்தான்" என்றேன். சிரித்தான். மருமகளிடம் நானே பேசட்டுமா என்று கேட்டதற்கு, "வேணாம் சார், நானே சொல்லிக்கிறேன்" என்றான். நேற்று மெசேஜ் வந்தது. நாலு படுக்கை, 1,000 கிலோவுக்கு உள்ளே ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்களாம்.

உங்களில் யார் வீட்டிலாவது எண்ணூர் ஆஸ்டினோடு தாத்தா நிற்கும் பழைய போட்டோ இருந்தால் கீழே போடுங்கள். எனக்குப் பார்க்க ஆசை.