அணுவுக்கு ஏது சாதி?

கொள்ளிடக்கரை ஆதனூரிலே பிறந்த நந்தன், கூத்தனைக் காணும் வேட்கையால் தில்லைக்கு வந்தான். வந்தவன் ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டான். கால் ஓய்ந்ததாலா? இல்லை, குலம் தடுத்தது! பின்னர்த் தெற்கு மதில் வாயிலின் முன் அந்தணர் தீ வளர்த்தனர். அதில் புகுந்த நந்தன் முப்புரிநூல் அணிந்த முனிவராய் எழுந்தார். அம்பலத்துள் சென்றவரைப் பின் எவரும் காணவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் செய்தி இது.

பக்தர் இதனை அற்புதம் என்பர். பகுத்தறிவாளன் கேட்பதோ ஒரே கேள்வி: தீ, மனித உடலை என்ன செய்யும்?

விடை தேடி அயல்நாடு செல்லுமுன் நம் வீட்டு ஏட்டைப் புரட்டுவோம். வஞ்சி மாநகரிலே மணிமேகலை பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கிறாள். அணுக்கள் புதிதாய்த் தோன்றுவதில்லை, அழிவதுமில்லை, கூடும், பிரியும் என்கிறான் ஆசீவகன். பூவும் வெல்லமும் கூடக் கள்ளின் களிப்பு பிறப்பதுபோல, பூதங்கள் கூட உணர்வு பிறக்கிறது. கூட்டம் கலைந்தால் பறையோசைபோல் அடங்குகிறது என்கிறான் பூதவாதி. பௌத்தரான சாத்தனார் இவர்கள் கொள்கையை ஏற்றவர் அல்லர். எனினும் மறைக்காமல் எழுதிவைத்தார். அவ்வளவு நேர்மை அன்றைய தமிழனிடம் இருந்தது!

அன்று எண்ணமாக இருந்ததைப் பின்னர் ஆய்வு நிலைநாட்டியது. பிரெஞ்சு அறிஞர் லவாய்சியே, சர்க்கரை புளித்துச் சாராயமாவதைத் தராசிட்டு ஆராய்ந்தார். மாற்றத்துக்கு முன்னிருந்த பொருளின் அளவே பின்னும் இருக்கும் என்று 1789இல் எழுதினார். பூதவாதியின் கள்ளுக்கும் லவாய்சியேயின் சாராயத்துக்கும் எத்தனை நெருக்கம், காணீர்!

70 கிலோ எடையுள்ள உடலில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை, 7 எழுதி அதன்பின் 27 சுழிகளை இட்டால் வரும் அளவு. எடையில் ஏறத்தாழ 65 விழுக்காடு ஆக்சிஜன், 18 கரி, 10 ஹைட்ரஜன், 3 நைட்ரஜன். எஞ்சியவை சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ் முதலியன. இப்பட்டியலில் அந்தணன் உடலுக்கு ஒரு வரி, புலையன் உடலுக்கு வேறொரு வரி உண்டா? இல்லை!

தீயிலிட்டால் கரி, கரியமிலவாயுவாகிறது; நீர் ஆவியாகிறது; எலும்பின் சாம்பலாக இரண்டு மூன்று கிலோ எஞ்சுகிறது. தீ பூணூல் நூற்பதில்லை! மேலெழுந்த வாயுவோ ஓரிரு ஆண்டுகளில் உலகெங்கும் பரவிவிடும். அதில் ஒரு பகுதியைப் பயிர் உண்ணும். பெரும்பகுதி கடலில் கரையும். அதன் பிறகும், கணக்கிட்டுப் பார்த்தால், நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் நந்தன் உடலிலிருந்த கரியணுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லையில் நிற்கவைத்தவரின் வழிவந்தோர், நாள்தோறும் அவனை நெஞ்சுக்குள் ஏற்கின்றனர். தீட்டு எங்கே போயிற்று?

கண்மறைந்த கதை இன்னொன்றும் இம்மாவட்டத்தில் உண்டு. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823இல் பிறந்த இராமலிங்க அடிகள், 1874 சனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை என்று 1906ஆம் ஆண்டின் தென்னார்க்காடு மாவட்ட விவர நூலும் குறித்தது. அவர் உடல் ஒளியாயிற்று என்பர் அன்பர். ஐன்ஸ்டைன் 1905இல் கண்ட விதிப்படி, 50 கிலோ உடல் முழுதும் ஒளியாக மாறினால், ஹிரோஷிமாவை அழித்த குண்டைப்போல் ஏறத்தாழ 70,000 மடங்கு ஆற்றல் வெளிப்படும். மேட்டுக்குப்பத்தில் ஒரு கூரையும் மிஞ்சியிராது! அறையோ இன்றும் நிற்கிறது.

இது வள்ளலாரின் பெருமையைக் குறைப்பதன்று. அவர் தந்த ஒளி வேறு. 1867இல் வடலூரில் பசித்தோர்க்காக அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. 1871இல் அவர் விடுத்த கட்டளையைப் பாருங்கள்: இறந்தோரைப் புதையுங்கள், கருமாதி, திதி வேண்டாம், கணவன் இறந்தால் மனைவியின் தாலியைக் களைய வேண்டாம், அந்நாளில் பசித்தோர்க்குச் சோறிடுங்கள்! மாண்டவர் மீள்வர் என்ற நம்பிக்கையாலே புதைக்கச் சொன்னார். அதனை அறிவியல் ஏற்காது. ஆனால், அழுத வீட்டில் தட்சிணைக்குக் கைநீட்டும் கூட்டத்தை அவர் வாயிலிலேயே நிறுத்தினாரே, அதனை யார் மறுப்பர்?

புதைத்த உடலும் வீணாவதில்லை. நுண்ணுயிர்கள் அதனைப் பிரிக்க, நைட்ரஜனும் பாஸ்பரசும் மண்ணுக்கு உரமாகின்றன. அவ்வணு நாளை நெல்லிக்குப்பத்துக் கரும்பிலே சேரலாம், பண்ணுருட்டிப் பலாவிலே சேரலாம், தேவனாம்பட்டினத்து அலையிலும் சேரலாம். எள்ளும் தண்ணீரும் இறைத்து அதன் வழியை மாற்ற எந்தப் புரோகிதனாலும் ஆகாது.

ஆயினும் நம் நாட்டில், மேலத்தெருவுக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு! பிணத்தைத் தெருவழியே கொண்டுசெல்லவும் தடை, தகராறு, வழக்கு! காற்றும் கடலும் கலந்துவிட்டதை முள்வேலியிட்டுப் பிரிக்க முனையும் மூடத்தனம் இது. ஊருக்கு ஒரே இடுகாடு, அதற்கு ஒரே வழி என்று ஆக்குவோம். இயன்றவர் தம் உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைக்கட்டும். கற்கும் மாணவனுக்கு அது பயன்படும்.

நம் அணுக்கள் உலகிடம் வாங்கிய கடன். திருப்பித் தரும்போதாவது சாதி பாராதிருப்போம்!