ஒட்டாக்கு
ஒட்டாக்கு என்பது அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டப் படங்கள், மங்கா வரைகதைகள் முதலியவற்றில் தீவிர ஈடுபாடு கொண்ட இரசிகரைக் குறிக்கும் சொல் ஆகும். இதன் நேர்ப்பொருள் "தங்கள் இல்லம்". "தாங்கள்" என்னும் மரியாதைச் சொல்லாகவும் வழங்குகிறது. இரசிகர்கள் தம்முள் இவ்வாறு விளித்துக்கொண்டதை 1983 இல் அக்கியோ நக்காமோரி ஓர் இதழ்க் கட்டுரையில் எள்ளி நகையாட, அதுவே அவர்களின் பெயராயிற்று.

1989 இல் சிறுமியர் நால்வரைக் கொன்ற ஒருவர் கைதானார். அவரது அறையில் அனிமே உட்பட ஆயிரக்கணக்கான நிகழ்பட நாடாக்கள் இருந்ததை ஊடகங்கள் பெரிதுபடுத்தின. குற்றத்துடன் எவ்விதத் தொடர்பும் இல்லாத இரசிகர்களும் ஐயத்துக்கு ஆளாயினர். ஒட்டாக்கு இளைஞன் ஒருவனின் காதலைக் கூறும் "தென்சா ஒத்தோக்கோ" 2004 இல் நூலாகவும் 2005 இல் திரைப்படமாகவும் வெற்றி பெற்றபோது இச்சொல்லின் கடுமை ஓரளவு தணிந்தது.

அமெரிக்க இரசிகர்களோ இச்சொல்லை முன்னரே விரும்பி ஏற்றிருந்தனர். அங்கு 1994 இல் தொடங்கிய இரசிகர் மாநாட்டின் பெயரே ஒட்டாக்கோன்.